பழைய ஓட்டு வீட்டுக்குள் கழிப்பறை: கழிவுநீருக்கு வழி செய்வது எப்படி?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் கழிப்பறை பெரும்பாலும் கொல்லைக் கோடியில்தான் இருக்கும். முழங்கால் தேய்ந்த பெரியவர்கள் மழை இரவில் கிணற்றடிப் பாசியைத் தாண்டி அங்கே போய்வருவது ஆபத்தானது என்பதால், வீட்டுக்குள்ளேயே ஒரு கழிப்பறை கட்டிவிடலாம் என்று பல குடும்பங்கள் முடிவெடுக்கின்றன. டைல்ஸையும் கம்மோடையும் தேர்ந்தெடுப்பதற்கு முன் தீர்மானிக்க வேண்டியது, கழிவுநீர் எங்கே போய்ச் சேரப்போகிறது, அங்கே போய்ச்சேரப் போதிய வாட்டம் (சரிவு) கிடைக்குமா என்பதைத்தான்.

ஆகவே அளவெடுப்பதைக் கழிவுநீர் போய்ச்சேரும் இடத்திலிருந்தே தொடங்குங்கள். தெருவில் பாதாளச் சாக்கடை இருந்தால் இணைப்புச் சேம்பரின் (வீட்டுக் குழாய் சாக்கடையோடு சேரும் தொட்டியின்) மூடியைத் திறந்து, உள்ளே குழாய் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தெருவில் சாலை மேல் சாலையாகப் போட்டு மட்டம் உயர்ந்திருப்பதால், திண்ணை உயரமாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் வேலையைத் தொடங்கிவிடக் கூடாது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் டியூப் லெவலில் (ஒளி ஊடுருவும் நீளக் குழாயில்) குமிழி இல்லாமல் நீர் நிரப்பி, ஒரு முனையைச் சேம்பர் அருகிலும் மறு முனையைக் கழிப்பறை வரப்போகும் சுவரிலும் பிடித்து, நீர் ஆடாமல் நின்றதும் இரண்டு இடத்திலும் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். அந்தக் கோட்டிலிருந்து சேம்பர் குழாயின் அடிவரை உள்ள அளவிலிருந்து, கழிப்பறைக் குழாய் புறப்படும் மட்டம்வரை உள்ள அளவைக் கழித்தால் வருவதுதான் உங்களுக்குக் கிடைக்கும் இறக்கம்.

4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு 1 அடி வாட்டம் நல்லது. 60 அடிக்கு 1 அடிக்குக் கீழே குறைய விடாதீர்கள். கொல்லை ஓரம் கட்டும் கழிப்பறையிலிருந்து வாசல் வரை 80 அடி இருந்தால், முதல் கணக்கின்படி 24 அங்குல இறக்கம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் கழிப்பறையை வாசல் பக்கமாக நகர்த்துவதே சரி; வாட்டத்தைக் குறைத்துச் சமாளித்தால் அடைப்பு எடுப்பதே வாடிக்கையாகிவிடும்.

அந்த 4 அங்குலக் குழாய், கடையில் 110 மி.மீ. என்று கிடைக்கும் பி.வி.சி.யாக, ஐ.எஸ். 13592 என்ற இந்தியத் தரத்தில் 'பி' (B) வகையாக இருக்கட்டும். 'ஏ' (A) வகை மழைநீருக்கும் காற்றுக் குழாய்க்கும் உரியது. திரும்பும் இடங்களில் ஒரே 90 டிகிரி வளைவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி வளைவுகளைப் போட்டு, திறந்து சுத்தம் செய்யக்கூடிய மூடியுள்ள பெண்டையோ சேம்பரையோ அங்கே வையுங்கள். முற்றத்து மழைநீரை இந்தக் குழாயில் சேர்க்கவே கூடாது.

பழைய வீட்டில் மிகுந்த கவனம் கேட்பது சுவர்தான். சுண்ணாம்புச் சாந்திலோ மண் சாந்திலோ எழுப்பிய சுவரைப் பெரிய சுத்தியலால் அடித்தால், துளை கேட்ட இடத்தில் ஒரு பொந்தே விழுந்து, மேலே உள்ள செங்கல்களும் பிடிப்பு இழக்கும். வட்டமாக அறுத்தெடுக்கும் கோர் கட்டிங் இயந்திரத்தால் துளையிட்டு, சற்றுப் பெரிய குழாய்த் துண்டு ஒன்றைச் சுவரில் பதித்து, அதற்குள் கழிவுக் குழாயைச் செலுத்துங்கள். சுவர் சிறிது அமர்ந்தாலும் குழாய் உடையாது. உத்தரம் தாங்கும் தூணுக்கு அடியிலும், கடைக்காலை ஒட்டியும் பள்ளம் தோண்டாதீர்கள். வெளிச்சுவரை ஒட்டிக் கழிப்பறை அமைந்தால் கழிவு பின்பக்கமாகச் சுவரை நோக்கி வெளியேறும் 'பி' (P) டிராப் கம்மோடு வாங்குவது நல்லது. அதன் வாய் தரைக்கு மேல் ஏறக்குறைய 7 அங்குலத்தில் இருப்பதால், தரையைத் தோண்டாமலே சுவர் வழியாக வெளியேற்றிவிடலாம்.

காற்றுக் குழாயைச் செலவு மிச்சம் என்று விட்டுவிடாதீர்கள். ஃபிளஷ் செய்யும்போது குழாய்க்குள் ஏற்படும் இழுப்பு, நாற்றத்தைத் தடுத்துக் கம்மோடின் வளைவில் நிற்கும் நீரை (டிராப் நீரை) உறிஞ்சிவிடும். பிறகு வீடு முழுவதும் நாறும். கூரைக்கு மேலே வரை அதை உயர்த்தி, உச்சியில் காற்றுப் போக வழியுள்ள கௌல் மூடி போடுங்கள்.

பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் இரண்டு அறை கொண்ட செப்டிக் டேங்க் வேண்டும். அதிலிருந்து வரும் நீரை உறிஞ்சும் குழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 2470. குறுகிய கொல்லையில் இது பெரும்பாலும் முடியாது. அப்போது அந்தக் கிணற்று நீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்துவதை நிறுத்திவிட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

பள்ளத்தை மூடுமுன் குழாயின் கீழ்முனையை அடைத்து நீர் நிரப்பி, மட்டத்தைக் குறித்துச் சில மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கினால் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். குழாய் போகும் வழியை அளவு நாடாவை அருகில் வைத்துப் படம் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னாளில் தரையை உடைக்கும்போது தேட வேண்டியிருக்காது. புதிய கழிப்பறை ஓடத் தொடங்கியதும், பழைய கழிவுக் குழியை லாரி வைத்து உறிஞ்சி எடுக்கச் செய்து, சுண்ணாம்புத் தூள் தூவி, மணலும் ஜல்லியும் இட்டு நிரப்புங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஆளை உள்ளே இறக்காதீர்கள்: குழியின் விஷவாயு நொடியில் உயிரைப் பறிக்கும், மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமும்கூட.