கடலில் கிடந்தவனுக்கு அருவி எம்மாத்திரம்? குற்றாலம் போகும் நம்மூர்க்காரர்கள் செய்யும் தவறுகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் அருவி கிடையாது. மலையும் கிடையாது, ராமேசுவரத்தில் கந்தமாதன பர்வதம் என்று ஒரு மணல்மேட்டைச் சொல்கிறோமே, அதைக் கணக்கில் சேர்த்தால்தான் உண்டு. அதனால் ஆனி பிறந்ததும் மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று கரையோரம் முழுக்க வேன் பேசிக் குற்றாலம் கிளம்பிவிடுவோம். நானும் பல தடவை போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வேனில் யாராவது ஒருத்தர் சொல்லும் வசனம் இது: "கடல்லயே கெடந்தவனுக்கு இதெல்லாம் ஒரு தண்ணியாப்பா?" பாதித் தவறுகள் இந்த ஒரு வசனத்திலிருந்துதான் வருகின்றன.

முதலில் மாதக் கணக்கு. நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. ஆனி ஆடியில் கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும், தூறல்கூட அபூர்வம். அதே தென்மேற்குக் காற்றுதான் வருகிற வழியில் மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி, ஈரத்தையெல்லாம் அங்கே இறக்கிவிட்டு, வெறுங்கையோடு நம்மிடம் வந்து சேருகிறது; செங்கோட்டைக் கணவாய்ப் பக்கம் அந்த ஈரத்தில் கொஞ்சம் மலை தாண்டித் தெளிப்பதுதான் குற்றாலச் சாரல். ஆக, இங்கே மண் பறக்கிற ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் அங்கே சீசன். நம்மூர் மழையை வைத்துக் கணக்குப் போட்டுத் தீபாவளி லீவில் போனால், வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு, தூரத்தில் நின்று அருவியைப் பார்த்துவிட்டு அல்வா வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

சரி, மே மாதம் அருவி காய்ந்துதானே கிடக்கும், பயமில்லாமல் போகலாம் என்றும் நினைக்க வேண்டாம். 2024 மே 17 அன்று மலையில் பெய்த கோடை மழையில் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். அலறிக்கொண்டு ஓடிவருகிறவர்களின் வீடியோவை அன்றைக்கு எல்லோருடைய போனிலும் பார்த்தோம்.

இதைத்தான் நம்மவர்களுக்குப் புரியவைக்க முடிவதில்லை. கடலில் வருகிற அலை கண்ணுக்குத் தெரியும். காற்று மாறினால் உடம்புக்குத் தெரியும், வாடையா கொண்டலா என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவோம். அருவியில் அப்படி இல்லை, தலைக்கு மேலே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மழை பெய்வதோ நம் கண்ணுக்கே படாத மேல்காட்டில், அந்தத் தண்ணீர் பாறை இடுக்கு வழியாக இறங்கி நம் தலையில் விழுகிற வரைக்கும் கீழே நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அறிகுறியே இல்லை என்று சொல்லமாட்டேன். வெள்ளையாக விழுந்த தண்ணீர் செம்மண் கலங்கலாக மாறும், இலையும் சுள்ளியும் சேர்ந்து விழும், சத்தம் கனமாகும். இதில் ஒன்றைக் கவனித்தாலும் சோப்பு டப்பாவைத் தேடிக்கொண்டிருக்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு வந்துவிட வேண்டும். (சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதற்கும் அங்கே அனுமதி இல்லை என்பது வேறு விஷயம், ஆனாலும் நம் ஆட்கள் பையில் இருக்கும்.) பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழ ஆரம்பித்தாலே போலீஸ் விசில் அடித்து எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள், அப்போது "அஞ்சு நிமிஷம் சார்" என்று கெஞ்சுவது நம் மாவட்டத்துப் பழக்கமா, தமிழ்நாட்டுப் பழக்கமா தெரியவில்லை.

நீச்சல் தெரியும் என்கிற தைரியமும் அங்கே செல்லாது. உப்புத் தண்ணீர் நம்மைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், நல்ல தண்ணீர் அவ்வளவு தூக்காது. அதிலும் அருவி விழுகிற தடாகத்தில் தண்ணீர் முழுக்க நுரையும் காற்றுமாக இருப்பதால் கை போட்டாலும் பிடிமானம் கிடைக்காது, மேலேயிருந்து விழும் தண்ணீரும் சேர்ந்து அடியில் அமுக்கும். அடியில் என்ன பாறை இருக்கிறது என்றும் தெரியாது. ஆகவே காட்டருவியில் தடாகத்தைப் பார்த்ததும் தலைகீழாகப் பாய்வதை மறந்துவிடுங்கள். பேரருவி மாதிரி இடத்திலும் நேராக உச்சந்தலையைக் கொடுக்காமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு தோளையும் முதுகையும் கொடுத்தால் போதும், சுகம் குறையாது.

அப்புறம் பாசி. நமக்குப் பாசி என்றால் பாம்பன் பக்கம் பெண்கள் முங்கி எடுத்துக் காயவைத்து விற்கிற கடல்பாசி, அது பிழைப்பு. அங்கே பாசி என்றால் பாறைமேல் பச்சை வெல்வெட் மாதிரி ஒட்டிக்கொண்டு ஆளைச் சறுக்கிவிடுகிற சமாச்சாரம். வல்லப் படகின் விளிம்பில் நின்று வலை இழுக்கிற என் மாமா, ஆடுகிற பலகையில்கூட கால் தடுமாறாதவர், ஐந்தருவிப் பக்கம் காய்ந்தது போலத் தெரிந்த ஒரு பாறையில் கால் வைத்து உட்கார்ந்த வாக்கில் விழுந்து, இடுப்பில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபடியே ஊர் வந்து சேர்ந்தார். தேய்ந்துபோன ரப்பர் செருப்போடு பாறையில் ஏறாதீர்கள். நனைந்த லுங்கி காலில் சுற்றிக்கொள்ளும், அரைக்கால் சட்டை நல்லது.

அட்டையும் அதே கதைதான். நாம் அறிந்த அட்டை கடலட்டை, பிடித்தால் கேஸ். மலையில் மழை ஈரத்தில் கிடக்கிற அட்டை நம்மைப் பிடிக்கும். ஏறினால் பிய்த்து இழுக்க வேண்டாம், கடித்த இடம் புண்ணாகிவிடும். உப்பு அல்லது மூக்குப்பொடி கொஞ்சம் வைத்தால் தானே விழுந்துவிடும். உப்புக்கா நமக்குப் பஞ்சம்?

காட்டு நடை பற்றி. செண்பகாதேவி, தேனருவி என்று மேலே இருக்கிற அருவிகளுக்கு நினைத்த நேரத்தில் போக முடியாது, அது வனத்துறைக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, தேனருவிக்குத் தடையே உண்டு. யாரோ வீடியோ போட்டிருக்கிறார்கள் என்று ஒற்றையடிப் பாதையில் ஏறுவது வீண் வம்பு. நடந்தே ஆக வேண்டும் என்றால் அனுமதி உள்ள இடத்தில் நடங்கள், குற்றாலத்தில் தடை போட்டிருந்தால் பாபநாசம் அகத்தியர் அருவி திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போகலாம், அணைத் தண்ணீர் என்பதால் வருடம் முழுக்க விழும். அது புலிகள் காப்பகத்துக்குள் வருவதால் செக்போஸ்டில் பிளாஸ்டிக் பையைப் பிடுங்கிவிடுவார்கள். நிழலில் நடக்கும்போது தாகம் தெரியாது, அதற்காகத் தண்ணீர் எடுக்காமல் போகாதீர்கள். தனுஷ்கோடி மணலில் கால் கிலோமீட்டருக்கே நாக்கு வறண்டுவிடுவதால் நாம் பாட்டில் தூக்குவோம், காட்டில் மறந்துவிடுவோம்.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். குளிரில் விரல் சுருங்கி மோதிரம் கழன்றுவிடும், நகையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பார்டர் பரோட்டாவைக் குளித்த பிறகு சாப்பிடுங்கள். குடித்துவிட்டு அருவிப் பக்கம் போகவே போகாதீர்கள். கையில் கவரோடு நடந்தால் குரங்கு விடாது. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டுபோன மீன் குழம்பு வாளியை ஒரு குரங்கு திறந்து முகர்ந்து பார்த்து அப்படியே கவிழ்த்துவிட்டுப் போனதில் எங்கள் அத்தைக்கு இன்றுவரை கோபம், கொட்டியதற்கு அல்ல, தின்னாமல் போனதற்கு.

தென்காசிக்காரர் ஒருவர் எனக்குச் சினேகிதர். சின்ன வயதிலிருந்தே அருவியில் குளித்து வளர்ந்தவர், எனக்கு இதில் பாதியைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். போன வருடம் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக்கு அழைத்துப் போனேன். ஒரு பக்கம் குளம் மாதிரி பெண் கடல், மறு பக்கம் அலையடிக்கிற ஆண் கடல், இரண்டும் சேருகிற முனையில் இழுப்பு எப்போது எந்தப் பக்கம் போகும் என்று எங்களுக்கே சொல்ல வராது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கப் பார்த்தவரின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன்.

"விடும் வே. குத்தாலத்துக்காரன்ட்ட வந்து தண்ணியப் பத்திப் பேசுதீரு."