பிக்கப் பாபின்: பொருளைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் தவறுகள்

எலக்ட்ரிக் கிட்டாரில் தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப்பை வீட்டிலேயே செய்து பார்க்கிறவர்கள் காந்தத்தையும் செம்புக் கம்பியையும் பற்றி நாள்கணக்கில் அலசுவார்கள். அந்தக் கம்பியைச் சுற்றும் சட்டமான பாபினுக்கு மட்டும் கையில் அகப்பட்டதே போதும் என்று விட்டுவிடுவார்கள். வேலை கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

இப்போது பலரும் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில், பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் பாபினை அச்சிட்டுக்கொள்கிறார்கள். கம்பி சுற்றி முடிக்கும்வரை குறை ஒன்றும் தெரியாது. அதன்பின் ஒலி பெருக்கும்போது பிக்கப் ஊளையிடாமல் இருக்க, சுருளை உருக்கிய மெழுகில் ஊறவைப்பார்கள். பாரஃபினோடு கொஞ்சம் தேன்மெழுகு, சூடு 60 முதல் 65 டிகிரி செல்சியஸ். பி.எல்.ஏ. இளகத் தொடங்குவதும் ஏறக்குறைய 60 டிகிரியில்தான். ஆயிரக்கணக்கான சுற்றுகள் இறுக்கிப் பிடித்திருக்கும் நேரத்தில் பிளாஸ்டிக் இளகினால் மேல், கீழ்த் தட்டுகள் விரிந்து ஓரச் சுற்றுகள் சரிந்துவிடும். மெழுகில் ஊறவைக்கப் போகிறீர்கள் என்றால் கூடுதல் சூட்டைத் தாங்கும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் நல்லது. பழைய ஹம்பக்கர்களின் (இரட்டைச் சுருள் பிக்கப்புகள்) பியூட்டிரேட் பிளாஸ்டிக் பாபின்கள்கூட மெழுகு அளவுமீறிச் சூடானால் நெளியும்.

உறுதிக்காக அலுமினியத்தையோ பித்தளையையோ நாடுவது அடுத்த தவறு. மின்சாரம் கடத்தும் பாபினில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, உச்ச ஒலிகளின் கூர்மை மழுங்கும். ஃபெண்டர் நிறுவனத்தின் டெலிகாஸ்டர் கிட்டாரில், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கமுள்ள பிக்கப்பில் உலோகத் தட்டு இருக்கிறதே என்று கேட்கலாம். அது பாபினுக்கு அடியில் தனியாகப் பொருத்திய தட்டு. சுருள் அதன்மேல் சுற்றப்படுவதில்லை.

ஃபெண்டர் பாணி சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புக்கு, காகித அடுக்குகளை இறுக்கிச் செய்த வல்கனைஸ்டு ஃபைபர் தட்டுகளே இன்றும் சிறந்தவை: மேலே சுமார் 1.6 மி.மீ., கீழே 2.4 மி.மீ. இதைவிட மெலிந்தால் கம்பியின் அழுத்தத்தில் வளையும். இரு தட்டுகளையும் இணைக்கும் காந்தத் தண்டுகளை அழுத்திச் செருகும்போது ஃபைபர் சற்று விட்டுக்கொடுத்து இறுகப் பிடிக்கும். பார்க்க அழகான அக்ரிலிக் அப்படியல்ல. துளையோரம் விரிசல் விடும், அரக்குப் பூச்சு பட்டால் மேலும் வெடிக்கும். ஃபைபருக்கும் ஒரு குறை உண்டு. ஈரத்தை உறிஞ்சி வளையும் என்பதால் அதை உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். சாதாரண அட்டை இதில் இன்னும் மோசம். சர்க்யூட் போர்டுத் தகடு உறுதியானதுதான். ஆனால் அதன் செம்புப் படலத்தை முழுவதும் நீக்க வேண்டும், அறுக்கும்போது முகக்கவசம் கட்டாயம், கண்ணாடி இழைத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

எந்தப் பொருளானாலும் விளிம்பைக் கவனிக்காமல் விடுவதுதான் கம்பியை அறுக்கும். வழக்கமான 42 கேஜ் கம்பியின் தடிமன் சுமார் 0.06 மி.மீ., தலைமுடி அளவு. சுற்றுவதற்கு முன் பஞ்சு ஒன்றை விளிம்பு நெடுக இழுத்துப் பாருங்கள். இழை சிக்கும் இடத்தை மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள். அச்சிட்ட பிளாஸ்டிக்கின் அடுக்குக் கோடுகளுக்கும் இது பொருந்தும். ஃபைபர் பாபினில் கம்பி நேராகக் காந்தத்தின்மேல் படும் என்பதால், முதலில் அரக்குப் பூச்சோ மெல்லிய டேப்போ அவசியம். கம்பியின் எனாமல் ஓரிடத்தில் உரிந்து காந்தத்தைத் தொட்டால் இரைச்சல் வரும். இரண்டு இடத்தில் தொட்டால் இடையிலுள்ள சுற்றுகள் வீண்.

தேக்கு பாபினுக்கு ஒரு தொனி, ரோஸ்வுட்டுக்கு வேறு தொனி என்ற பேச்சுக்குக் காது கொடுக்க வேண்டாம். மின்சாரம் கடத்தாத பொருள்களுக்குள் ஒலியை மாற்றுவது சுருளின் உயரமும் அகலமுமே.