நாலு பேர் சேர்ந்து ஒரு நிமிட அனிமேஷன் படம் எடுக்க

ஒரு நிமிட 2டி படத்துக்கு, நொடிக்கு 24 ஃப்ரேம் வீதம், 1,440 ஃப்ரேம் வேண்டும். ஒவ்வொரு ஓவியத்தையும் இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினால் 720 ஓவியம், ஆளுக்கு 180. ரஃப் (முதல் கிறுக்கல்), கிளீன்-அப் (அதைச் சுத்தமான கோடாக வரைவது), வண்ணம் என்று ஒவ்வொன்றையும் மூன்று முறை தொட வேண்டியிருக்கும். நன்றாக வரைபவர்களே கூடினாலும், ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் இடத்தில்தான் வேலை கெடும்.

முதலில் வசனத்தைப் பதிவு செய்யுங்கள். ஸ்டோரிபோர்டு கட்டங்களை, அதாவது கதையைக் காட்சி காட்சியாக வரைந்த படங்களை, அதன்மேல் அடுக்கி அனிமேட்டிக் என்ற மாதிரி வீடியோ தயாரித்து, கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். அவர் குழம்பும் இடத்தை அப்போதே திருத்துங்கள். வண்ணம் தீட்டிய ஷாட்டைத் தூக்கிப்போட யாருக்கும் மனசு வராது. பிறகு ஒவ்வொரு ஷாட்டும் எத்தனை ஃப்ரேம் என்று பொதுவான ஒரு ஷீட்டில் எழுதிப் பூட்டிவிடுங்கள். அதற்குப் பின் இரண்டு ஃப்ரேம் கூடுதலாக வேண்டுமென்றாலும் எடிட்டரைக் கேட்டுத்தான்.

அடுத்தது மாடல் ஷீட், அதாவது பாத்திரத்தை எப்படி வரைய வேண்டும் என்ற அளவுத்தாள். படத்தில் ஒரு பாட்டி இருக்கிறார் என்றால்: முன், முக்கால், பக்கம், பின் என நாலு கோணம், உயரம் எத்தனை தலை அளவு, கொண்டை காதுக்கு எவ்வளவு மேலே, சேலைக் கரையில் எத்தனை கோடு, 1920×1080 அளவில் கோட்டின் தடிமன் எத்தனை பிக்சல். இவ்வளவு எழுதினாலும் பாட்டி நாலு விதமாகத்தான் வருவார். அதனால் முதல் நாளே எல்லோரும் ஒரே போஸை வரைந்து, 50 சதவீத ஒபாசிட்டியில் (அடியில் இருப்பது பாதி தெரியும்படி) ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். யாருடைய பாட்டி குட்டையாகிறார் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தடுத்த ஷாட்டுகளை ஒருவரிடமே கொடுங்கள். கை மாறும் வெட்டில் (ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில்) மட்டும், முன் ஷாட்டின் கடைசி கீ ஓவியத்தை (அசைவின் முக்கிய நிலையை), இன்பிட்வீன் (இடைப்பட்ட ஓவியங்கள்) தொடங்கும் முன்பே அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். இல்லையென்றால் வலது கையில் இருந்த டம்ளர் வெட்டுக்குப் பின் இடது கையில் இருக்கும்.

ஷாட் எண்களை 010, 020 என்று பத்துப் பத்தாக வையுங்கள். நடுவில் ஒன்று முளைத்தால் 015 காலியாக இருக்கும். ஃபைல் பெயரில் 'ஃபைனல்' என்ற சொல்லே வேண்டாம், வி01, வி02 போதும். வீடியோவாக எக்ஸ்போர்ட் செய்யாமல் 0001 முதல் எண்ணிட்ட பிஎன்ஜி படங்களின் வரிசையாக, ஃப்ரேமுக்கு ஒன்றாகக் கொடுங்கள். பின்னணி ஊடுருவித் தெரியும், ஒரு ஃப்ரேம் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். வரையும் மென்பொருள் பிளெண்டரோ கிரிட்டாவோ, எல்லோரிடமும் ஃப்ரேம் ரேட் 24-தானா என்று பாருங்கள். 240 ஃப்ரேம் வசனக் காட்சி 25-இல் ஓடினால் 9.6 நொடியில் முடிந்துவிடும், உதடு குரலை முந்தும்.

உதட்டசைவை ஒருவரே பார்ப்பது நல்லது. ப, ம ஒலிகளுக்கு உதடு மூடியே ஆக வேண்டும்; 'அம்மா'வில் அந்த மூடலைக் கொஞ்சம் நிறுத்தாவிட்டால் 'ஆஆ' என்றுதான் கண்ணுக்குப் படும். வாய் வடிவத்தை ஒலிக்கு ஒன்றிரண்டு ஃப்ரேம் முன்பே வையுங்கள்.

திருத்தம் சொல்வது எழுத்தில், எண்ணோடு இருக்கட்டும். "நடை ஏதோ இடிக்குது" என்றால் யாருக்கும் புரியாது. "ஷாட் 040, ஃப்ரேம் 37, இடது கால் தரையில் வழுக்குகிறது" என்றால் பத்து நிமிட வேலை. நடிப்பு பற்றிய சண்டையெல்லாம் ரஃப் கட்டத்தோடு சரி. கிளீன்-அப்புக்குப் போன ஷாட்டில் கோடும் வண்ணமும் மட்டுமே திருத்தப்படும், அதுவும் இயக்குநர் ஒருவர் சொன்னால்.