நெடுந்தூர சைக்கிள் பயணத்தில் கால் பிடித்து இழுப்பது ஏன், தவிர்ப்பது எப்படி

எங்கள் குழுவில் 200 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, "கால் பிடிச்சு இழுத்துடுச்சு, எந்த உப்புத்தூள் வாங்கலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் பதிலுக்கு மூன்று கேள்வி கேட்பேன். எந்தத் தசை? எத்தனையாவது மணி நேரத்தில்? அதற்கு முந்தைய அரை மணி நேரம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? மூன்றாவதுக்கு வரும் பதில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: பெரிய கியரில் ஏற்றம் ஏறினேன், இல்லாவிட்டால் வேகமான ஒருவரின் பின்சக்கரத்தை விடாமல் ஒட்டிக்கொண்டு போனேன்.

தண்ணீரும் உப்பும் குறைவதால்தான் பிடிக்கிறது என்பது பழைய விளக்கம். வெக்கையில் உழைத்த சுரங்கத் தொழிலாளர்களையும் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர்களையும் பார்த்து வந்தது. ஆனால் உப்பு உடம்பு முழுக்கத்தானே குறைகிறது, உழைத்த தசை மட்டும் ஏன் இழுக்கிறது? 1997இல் ஷ்வெல்னஸ் என்ற தென்னாப்பிரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் நரம்பு சார்ந்த ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். தசைக்குள் 'சுருங்கு' என்று தூண்டும் உணர்விகள் உண்டு. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் 'போதும், விடு' என்று அடக்கும் உணர்விகள் உண்டு. தசை களைத்துப்போனால் முதல் வகை கூச்சல் போடுகிறது, இரண்டாம் வகை அடங்கிவிடுகிறது. தசை ஏற்கெனவே சுருங்கிய நிலையில் இருந்தால் தசைநாணும் தொய்ந்திருக்கும், அடக்குகிற சமிக்ஞை இன்னும் குறையும். முழு வழக்கும் இதோடு தீர்ந்துவிடவில்லை என்றாலும், சாலையில் நான் பார்ப்பதற்கு இதுதான் அதிகம் பொருந்துகிறது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த அயர்ன்மேன் போட்டியாளர்களைப் பின்தொடர்ந்த ஆய்வும் பிடிப்பு வந்தவர்களிடம் கண்டது வேகமான ஓட்டத்தையும், முன்பே பிடிப்பு வந்த வரலாற்றையும்தான். நீர் வற்றியதோடு அதற்குத் தொடர்பு தெரியவில்லை.

எனவே முதல் மருந்து வேகக் கட்டுப்பாடு. முதல் இரண்டு மணி நேரம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவுக்கு மேல் அழுத்தாதீர்கள். ஏற்றம் வரும் முன்பே சின்ன கியருக்கு மாறுங்கள், தொடை கெஞ்சிய பிறகு அல்ல. சமதரையில் நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று மிதிக்கப் பழகினால் ஒவ்வொரு மிதிக்கும் தசை கொடுக்க வேண்டிய விசை குறையும். அப்புறம், பயிற்சி. பயணத்தில் கடைசியில் ஏற்றம் வருமென்றால், பயிற்சியிலும் களைத்த காலோடு கடைசியில் ஏற்றம் ஏறிப் பாருங்கள். வாரம் இரண்டு நாள் படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கி ஏற்றுவது கெண்டைக்காலுக்கு நல்லது. மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது பின்தொடைக்கு.

இனி சைக்கிள். எப்போதும் கெண்டைக்கால்தான் பிடிக்கிறது என்றால் சீட் உயரத்தைச் சந்தேகப்படுங்கள். உயரம் கூடினால் மிதி அடியில் போகும்போது பாதம் நுனிவிரலில் நீட்டிக்கொண்டு எட்டும், கெண்டைக்கால் சுருங்கிய நிலையிலேயே வேலை செய்யும். மிதி அடியில் இருக்கும்போது முழங்கால் ஏறக்குறைய 25 முதல் 35 பாகை மடங்கியிருக்க வேண்டும். ஷூவின் அடியில் மிதியோடு பூட்டிக்கொள்ளும் கிளீட் முன்னால் தள்ளியிருந்தாலும் இதே தொல்லைதான், கொஞ்சம் பின்னால் இழுத்துப் பாருங்கள். முன்தொடை மட்டும் எரிந்து இழுத்தால் சீட் தாழ்வாக இருக்கலாம். எதை மாற்றினாலும் இரண்டு மூன்று மில்லிமீட்டராக மாற்றுங்கள். பழைய இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவைத்தால் திரும்பி வர வசதி. பெரிய பயணத்துக்கு முந்தைய வாரம் எதையும் தொடாதீர்கள்.

தண்ணீர், உப்பு தேவையில்லை என்று சொல்லவில்லை. ஓட்டும் முன்பும் பின்பும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால், குடித்ததற்கு மேல் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. பலருக்கு மணிக்கு 400 முதல் 800 மில்லி போதும். காய்ந்த ஜெர்சியில் வெள்ளைக் கோடு படிகிறவர்கள் உப்புக் கலந்து குடிக்கட்டும். எடை கூடித் திரும்பினால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போவது பிடிப்பைவிட ஆபத்தானது. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தும் உள்ளே போகட்டும், பட்டினியில் தசை சீக்கிரம் களைக்கும். மெக்னீசியம் மாத்திரையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பிடிப்பு வரும் முன் தோலுக்கடியில் புழு நெளிவது போலத் துடிக்கும். அந்த நொடியிலேயே அழுத்துவதை நிறுத்தி, இறக்கமாக இருந்தால் மிதியில் எழுந்து நின்று குதிகாலைத் தாழ்த்துங்கள். பலருக்குப் பிடிப்பது ஓட்டும்போது அல்ல, நின்றபின்: ஷூவை மிதியிலிருந்து விடுவிக்கக் குதிகாலைத் திருப்பும்போது, சீட்டுக்கு மேலே காலைத் தூக்கும்போது. துடிக்கும் கால் என்றால் சைக்கிளை நன்றாகச் சாய்த்து, காலை அதிகம் மடக்காமல் தாண்டுங்கள். பிடித்தேவிட்டால் தசையை நீட்டிப் பிடித்தபடி இருங்கள், வெட்டி வெட்டி இழுக்க வேண்டாம். கெண்டைக்காலுக்கு முழங்காலை நீட்டி விரல்களை உங்கள் பக்கம் இழுப்பது, முன்தொடைக்குக் குதிகாலைப் புட்டத்தோடு சேர்ப்பது. வெள்ளரி ஊறிய வினிகர் நீர் ஒரு மடக்குக் குடித்தால் சீக்கிரம் விடுகிறது என்று 2010இல் வந்த ஒரு சோதனை காட்டியது. உப்பு ரத்தத்தில் கலக்கும் முன்பே விட்டதால், தொண்டையில் படும் புளிப்புதான் நரம்பை அடக்குகிறது என்று கருதுகிறார்கள். விட்ட பிறகு பத்து நிமிடம் லேசாக மிதியுங்கள், உடனே பழைய வேகத்துக்குப் போனால் மறுபடி வரும்.

ஓய்வாக இருக்கும்போதும் அடிக்கடி பிடித்தாலோ, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின், நீர் பிரியும் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். தசை வீங்கி, வலி விடாமல், சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.