மொத்தம் 198, விகிதம் 6
ஈரோட்டில் எனக்கு எடுத்த இரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 198 என்றிருந்ததால், 200-க்குள்தானே என்று வீட்டில் அனைவரும் நிம்மதியடைந்தனர். ஆனால் எச்.டி.எல். எனும் நல்ல கொழுப்பு வெறும் 33. மொத்தத்தை அதனால் வகுத்தால் 6 வருகிறது, இந்த விகிதம் 5-க்குக் கீழே இருப்பதே நல்லது. டிரைகிளிசரைடு எனும் இன்னொரு இரத்தக் கொழுப்போ 240. விகிதத்தோடு எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை, வயது, புகைப்பழக்கம் அனைத்தையும் சேர்த்துப் பார்த்த பிறகே, மாத்திரை இப்போதைக்கு வேண்டாம் என்றார் மருத்துவர்.

மாலை நேரத்துத் தேங்காய் பன்னையும் சர்க்கரை தூக்கலான டீயையும் நிறுத்தினேன் (எங்கள் ஊரில் பேக்கரி இல்லாத முக்கு ஏது?). அரிசிம்பருப்புச் சோற்றைப் பாதியாக்கி, கொள்ளும் கீரையும் கூட்டி, காலிங்கராயன் வாய்க்கால் கரையில் தினமும் வேகமாக நடந்தேன். அடுத்த பரிசோதனையில் மொத்தம் 176, எச்.டி.எல். 40, விகிதம் 4.4; டிரைகிளிசரைடு 150-க்கு இறங்கியிருந்தது.