ஒப்பந்தம் இல்லாமல் சிறுகதை கொடுக்கிறீர்களா? ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது இருக்கட்டும்

கோலாலம்பூரில் ஞாயிறு பதிப்புக்கோ, தீபாவளி மலருக்கோ, சங்கம் போடும் தொகுப்புக்கோ கதை கொடுத்தால் ஒப்பந்தம் என்று எதையும் பெரும்பாலும் யாரும் நீட்டுவதில்லை. "கதை கிடைத்தது, போடுகிறோம்" என்று ஒரு வரி வரும். ஆசிரியரை அண்ணன் என்று அழைத்துப் பழகியிருப்போம். கையெழுத்துக் கேட்கக் கூச்சம். கையெழுத்து இல்லாமலும் சமாளிக்கலாம். எழுத்தில் ஒன்றும் இல்லாமல்தான் சமாளிக்க முடியாது.

படி 1: கையில் ஏற்கெனவே இருப்பது

மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய கணமே கதை உங்களுடையது. எங்கும் பதிய வேண்டியதில்லை. வாழ்நாள் முழுதும், அதன்பின் 50 ஆண்டும் உரிமை நீடிக்கும். அதை இன்னொருவருக்கு மாற்றித் தருவதானால் எழுத்தில் தரவேண்டும் என்கிறது 27ஆம் பிரிவு. ஆகவே "எங்கள் இதழில் வந்துவிட்டது, இனி எங்களுடையது" என்பது வெறும் பேச்சு.

படி 2: நீங்களாக அனுப்பினீர்களா, கேட்டு எழுதினீர்களா?

பலர் கவனிக்காத இடம் இதுதான். "மலருக்கு ஒரு கதை எழுதிக் கொடுங்கள், இவ்வளவு தருகிறோம்" என்று கேட்டு எழுதினால் கணக்கு தலைகீழாகலாம். பிறர் பணித்து எழுதிய படைப்பின் உரிமை பணித்தவருக்குப் போய்விட்டதாக 26ஆம் பிரிவு கொள்கிறது. வேறு விதமாகப் பேசி முடித்திருந்தால் மட்டுமே விலக்கு. அந்தப் பேச்சை எழுதத் தொடங்கும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். மாதச் சம்பளத்தில் இதழில் வேலை செய்பவர் வேலையின் பகுதியாக எழுதியதற்கும் இதே கதிதான்.

படி 3: அனுப்ப வேண்டிய செய்தி

"வணக்கம் ஐயா. '……' என்ற என் சிறுகதையைத் தங்கள் தீபாவளி மலரில், அச்சில் ஒருமுறை வெளியிட அனுமதி தருகிறேன். பதிப்புரிமை என்னிடமே இருக்கும். இணையம், ஒலிவடிவம், மொழிபெயர்ப்பு, தொகுப்பு நூல் ஆகியவற்றுக்குத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன். சன்மானம் 100 வெள்ளி, மலர் வெளியான 30 நாளுக்குள். டிசம்பர் 31க்குள் வெளிவராவிட்டால் இந்த அனுமதி முடிந்துவிடும். சரியென்றால் 'சம்மதம்' என்று பதில் போடுங்கள்."

தொகையையும் தேதியையும் உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். கடைசித் தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் கதை ஓராண்டு இதழிலேயே கிடக்கும், பொறுமை இழந்து வேறிடம் அனுப்புவீர்கள், இரண்டிலும் வரும், பழி எழுத்தாளர் தலையில். 'ஒருமுறை' என்பதும் முக்கியம். இதழ்கள் நிற்கும்: 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழே 2019இல் நின்றது. அனுமதி ஒருமுறைக்குத்தான் என்றால், பிறகு தொகுப்பு போட யாரையும் தேடி அலைய வேண்டாம். ஒலிவடிவத்தைத் தனியே குறிப்பிடுவது, யூடியூபில் யாரோ கதையை வாசித்துப் போட்டபின் "ஆசிரியர்தான் கொடுத்தார்" என்று கேட்க நேராதிருக்க.

கட்டைவிரல் படத்தோடு விட்டுவிடாதீர்கள், ஒரு சொல்லாவது கேளுங்கள். பிறகு எடுத்துப் பார்க்க முடிகிற மின்செய்தியை எழுத்தாகவே ஏற்கிறது 2006ஆம் ஆண்டு மின்வணிகச் சட்டம். ஆனால் வாட்ஸ்அப்பில் 'தானே மறையும் செய்தி' வசதி ஓடிக்கொண்டிருந்தால் எடுத்துப் பார்க்க ஒன்றும் இருக்காது. அதை அணைத்துவிட்டு, உரையாடலை ஏற்றுமதி செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். தொலைபேசியில் பேசி முடித்தால் "இன்று பேசியபடி…" என்று அன்றைக்கே எழுதி அனுப்புங்கள்.

படி 4: போட்டிகள்

விதிமுறையின் கடைசி வரிகளைப் படியுங்கள். "அனுப்பப்படும் எல்லாப் படைப்புகளும் ஏற்பாட்டாளருக்கே உரியவை" என்றிருந்தால் பரிசு வாங்காத கதைக்கும் சிக்கல்தான். பேரம் பேச இடமிருக்காது. உங்கள் சிறந்த கதையை அங்கே அனுப்பாதீர்கள்.

படி 5: ஆதாரம்

தேதியோடு வரைவுகளை வைத்திருங்கள். பெட்டாலிங் ஜெயாவில் உள்ள மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் 2012 முதல் சத்தியப் பிரமாணத்தோடு தன்விருப்பப் பதிவு செய்ய முடிகிறது. ஒற்றைக் கதைக்கு அது அதிகம், தொகுப்பு நூலுக்குச் செய்யலாம்.

படி 6: சன்மானம் வரவில்லை என்றால்

14 நாள் கெடு வைத்து, பழைய செய்தியின் படத்தை இணைத்து ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையா? 5,000 வெள்ளி வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறுகோரிக்கை வழக்குப் போடலாம். வழக்கறிஞர் வேண்டாம், 198ஆம் படிவம் போதும். ஒப்பந்தக் கோரிக்கைக்குக் கெடு 6 ஆண்டு. நூறு வெள்ளிக்காக நீதிமன்றம் ஏறுவது அலைச்சல்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஐந்தாறு கதைக்கான பாக்கி சேர்ந்திருந்தால் யோசிக்கலாம். அப்போது தடுமாற வைப்பது ஒன்று உண்டு: படிவத்தில் இதழின் பெயரை மட்டும் எழுதினால் போதாது; பின்னால் உள்ள நிறுவனத்தின் அல்லது உரிமையாளரின் பெயர் வேண்டும். கதை வெளியான அன்றே, வெளியீட்டாளர் விவரம் அச்சான பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.