ஸ்மார்ட் போர்டு வாங்கும் முன் ‘க்’ எழுதிப் பாருங்கள்

பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கப் போனால் விற்பனையாளர் முதலில் எடுத்துவிடுவது டச் பாயிண்ட் கணக்கைத்தான். “சார், அது 20 பாயிண்ட், இது 40.” நாற்பதுதானே பெரிசு என்று நாமும் அதற்கே தலையாட்டிவிடுகிறோம். ஒரே நேரத்தில் நாற்பது விரல் திரையைத் தொடும் வகுப்பு எங்கே நடக்கிறது? 75 அங்குலத் திரைக்கு முன்னால் நாலு பிள்ளைகள் நின்றாலே இடித்துக்கொள்வார்கள். எழுத்து எப்படி விழும் என்பதைப் பற்றி இந்த எண் ஒன்றுமே சொல்லாது. கை பட்டதைத் திரை எந்த வழியில் கண்டுபிடிக்கிறது என்று கேட்டால்தான் அது தெரியவரும்.

வகுப்பறைக்கு விற்கப்படும் பெரிய பேனல்களில் மிகப் பரவலாக இருப்பது அகச்சிவப்பு முறை. கடையில் ‘ஐ.ஆர்.’ என்பார்கள். திரையைச் சுற்றியுள்ள சட்டத்தின் ஓரங்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றைகள் திரையின் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். விரல் எந்தக் கற்றைகளை மறைக்கிறதோ, அதை வைத்து இடத்தைக் கணக்கிடும். இது புத்தம் புதிய சரக்கு ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ 4 கணினியில் 1972-லேயே 16-க்கு 16 கட்டமாக இது இருந்தது, அதுவும் பாடம் நடத்துவதற்காக.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த ஒளி கண்ணாடியை ஒட்டி ஓடுவதில்லை. சற்று மேலே ஓடுகிறது. அதனால் பேனா கண்ணாடியில் படுவதற்கு முன்பே கோடு ஆரம்பித்துவிடும், எடுத்த பிறகும் கொஞ்சம் இழுபடும். விற்பனையாளர் பெரிய வட்டம் போட்டு, ஆங்கிலக் கூட்டெழுத்தில் ‘வெல்கம்’ என்று எழுதிக் காட்டும்போது இந்தக் குறை தெரியாது. கூட்டெழுத்தில் கை திரையை விட்டு எழும்புவதே அபூர்வம். தமிழில் அப்படியில்லை. ‘க்’ எழுதிவிட்டு மேலே புள்ளி வைக்கப் போனால், மட்டமான பேனலில் எழுத்திலிருந்து புள்ளி வரைக்கும் ஒரு கோடு ஓடியிருக்கும். அல்லது புள்ளிக்கு வால் முளைத்திருக்கும். ‘பட்டம்’, ‘இஞ்சி’, ‘ஸ்ரீ’ என்று வகுப்பில் எழுதுகிற வேகத்திலேயே எழுதிப் பாருங்கள். அப்புறம் பேனாவைக் கண்ணாடியில் படாமல் மெதுவாகக் கிட்டே கொண்டுபோங்கள். எந்த இடத்தில் மை விழ ஆரம்பிக்கிறது என்று நீங்களே பார்த்துவிடலாம். கையேட்டில் தொடுதலைக் கண்டுகொள்ளும் நேரம் ‘8 மில்லி செகண்ட்’ என்று போட்டிருப்பதை நம்பவும் வேண்டாம். அது பெரும்பாலும் சென்சாரின் வேகம் மட்டும்தான். வேகமாக ஒரு வளைகோடு இழுத்தால் மை எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பது கண்ணிலேயே தெரியும்.

ஒளியை மறைக்கிற எதையும் ஐ.ஆர். திரை விரல் என்றே எடுத்துக்கொள்ளும். டீச்சரின் முந்தானை உரசினாலும் சரி, பல்லி ஓடினாலும் சரி. அட்டவணையைச் சட்டத்தின் ஓரத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டினால் அந்தப் பட்டை முழுக்கத் தொடுதல் தடுமாறும். பக்கத்திலேயே பழைய கரும்பலகையையும் வைத்துக்கொண்டு சாக்பீஸால் எழுதுகிற வகுப்பென்றால், தூள் கீழ்ச் சட்டத்தில் படிந்துகொண்டே இருக்கும். வாரம் ஒரு முறையாவது உலர்ந்த மெல்லிய துணியால் துடைக்க ஆள் வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை வெயில். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டிவிட்டால், நேர்வெயில் சட்டத்தில் விழுகிற நேரத்தில் தொடாமலேயே கோடு விழும், இல்லை தொட்டாலும் விழாது. பேனல் மேல் குறை சொல்லிப் பயனில்லை, சுவரை மாற்ற வேண்டும்.

சரி, அப்படியானால் போனில் இருக்கிற, விரல் பட்டதை மின்சார மாற்றத்தால் உணரும் கெப்பாசிட்டிவ் வகையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். எழுத்து நன்றாகத்தான் வரும்: தொட்டால்தான் மை, எடுத்தால் நின்றுவிடும், தூசி, வெயில் தொல்லையும் குறைவு. ஆனால் இவ்வளவு பெரிய அளவில் விலை கணிசமாக ஏறும். மரக்குச்சியால் தொட்டால் வேலை செய்யாது. அதற்கேற்ற பேனா வேண்டும். முக்கியமாக, பள்ளியில் எர்த் சரியில்லை என்றால் மின் இரைச்சலால் தானாகவே தொடுதல்கள் பதிவாகலாம். வாங்குவதற்கு முன் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது. பழுது விஷயமும் உண்டு. ஐ.ஆர். சட்டம் கெட்டால் பெரும்பாலும் அதை மட்டும் மாற்றலாம். கெப்பாசிட்டிவில் சென்சார் கண்ணாடியோடு ஒட்டியிருப்பதால் செலவு வேறு மாதிரி. வாரண்டியில் தொடுதிரை அடங்குமா என்பதை வாய்ச்சொல்லாக விடாமல் எழுதி வாங்குங்கள்.

புரொஜெக்டரோடு வரும் பழைய வகைப் பலகைகள் மலிவாகக் கிடைத்தால் இரண்டு விஷயம் போதும். மின்காந்த வகையில் அதற்குரிய பேனா தொலைந்தால் எழுதவே முடியாது. அழுத்தத்தை உணரும் வகையில் மேற்பரப்பு மென்மையானது, காம்பஸ் முனை பட்டால் போச்சு. எதுவானாலும் புரொஜெக்டர் கொஞ்சம் அசைந்தால், தொடும் இடமும் படமும் பொருந்தும்படி மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும்.

கடைசியாக, “டச் வேலை செய்யவில்லை” என்ற புகார்களில் பாதிக்கு மேல் கேபிள் சமாச்சாரமாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். லேப்டாப்பை எச்.டி.எம்.ஐ.யில் மட்டும் இணைத்தால் படமும் ஒலியும்தான் வரும், தொடுதல் போகாது. அதற்குத் தனியாக யூ.எஸ்.பி. கேபிள் வேண்டும். டைப்-சி ஒன்றே இரண்டையும் பார்த்துக்கொள்ளும், ஆனால் லேப்டாப்பின் அந்தத் துளை படத்தையும் அனுப்பக்கூடியதாக இருக்க வேண்டும். விண்டோஸில் பொதுவாகச் செருகினாலே போதும். மேக் என்றால் தனி டிரைவர் மென்பொருள் தேவைப்படலாம். டெமோவுக்குப் போகும்போது பள்ளியில் பயன்படுத்துகிற அதே லேப்டாப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு போய், அங்கேயே செருகிப் பாருங்கள்.